கதிரைப் பார்க்கும் கண்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்தது. புத்தகத்தைத் திறந்தால் மனசு எங்கெங்கோ ஓடுகிறது, செல்போனை எடுத்தால் நேரம் போவது தெரியவில்லை, கண்ணை மூடி உட்கார்ந்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மட்டும்தான் இப்படியோ என்ற பயமும் அதில் தெரிந்தது. முதலில் அந்தப் பயத்தை விடு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம், அவர்கள் எதிர்பாராத நேரங்களில், செல்போன் வழியாகவே கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா? 2010இல் வெளியான அந்த ஆய்வில், 46.9 சதவீத வேளைகளில் மனம் வேறெங்கோ இருந்தது. வளர்ந்தவர்களின் நிலையே இது. மனம் அலைந்த வேளைகளில் அவர்களுடைய மகிழ்ச்சி குறைந்திருந்தது என்பதையும் கவனி.

செல்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1890இல், வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியல் அறிஞர் இதைப் பற்றி எழுதிவிட்டார். அலையும் கவனத்தைத் தானே முயன்று மீண்டும் மீண்டும் திருப்பிக்கொண்டு வரும் திறன்தான் பகுத்தறிவுக்கும் மன உறுதிக்கும் வேர் என்பது அவர் கருத்து. மனம் ஓடியதைக் கண்டுகொண்டாயே, அந்த நொடியிலேயே நீ திரும்பிவிட்டாய். நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பு. பயிற்சி அவ்வளவுதான்.

இதற்கு ஆசிரியர் தேடி நீ மலை இறங்க வேண்டாம். கொல்லிமலையின் குண்டனி நாட்டில், உன் வீட்டிலேயே இருக்கிறார். சாமை அறுப்பதற்கு முன் உன் அப்பாயி காட்டுக்குள் போய் விதைக்குக் கதிர் பொறுக்குவதை நீ பார்த்திருப்பாய், ஆனால் கூட நடந்திருக்க மாட்டாய். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை என்று நம் மலையில் சாமையிலேயே எத்தனை வகை! மணியோ கடுகைப் போலச் சிறியது. வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே புல்லாகத் தெரியும். கதிர் விரிந்திருக்கும் விதம், தட்டையின் உயரம், மணியின் நிறம், முற்றும் காலம் எல்லாம் பார்த்துப் பழகிய கண்ணுக்கே வேறுபாடு பிடிபடும். நோய்ப்பட்ட கதிரையும் கலப்புக் கதிரையும் விலக்கி, நல்லதை மட்டும் விதைக்கு எடுப்பார்கள். அந்த நேரத்தில் மனம் வேறெங்காவது இருந்தால், தவறு அடுத்த வருஷக் காட்டில் முளைத்து நிற்கும்.

சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சாமைக் காடு சுருங்கியது. உரலில் குத்தி உமி நீக்கும் பாடும் பெண்களைச் சலிப்படைய வைத்தது. அந்தச் சலிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் மலையில் உள்ளூர் வகைகளைப் பதிவு செய்தது, விதை வங்கிக்கும் அரவை இயந்திரத்துக்கும் வழி செய்தது. அந்த வேலைக்கு அடிப்படையாக இருந்தது நம் பெண்களின் கண்தான். ஒரு வகையைப் பிரித்தறிய ஆள் இல்லாமல் போனால், விதை குதிரில் இருந்தும் அதன் பெயர் இராது. கவனத்தைப் படிப்புக்கான உத்தி என்று மட்டும் நினைக்காதே என்று உனக்கு நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

படிக்க உட்காரும்போது போனை அடுத்த அறையில் வை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அணைந்திருந்தாலும் மனம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, படித்ததை உன் சொல்லில் சொல்லிப் பார். நின்றுபோன இடம்தான் மனம் ஓடிய இடம். திட்டிக்கொள்ளாமல் அங்கிருந்து மறுபடி தொடங்கு. சாப்பிடும்போது சாப்பாட்டை மட்டும் பார். கண்ணை மூடி உட்காருவதைவிட உனக்கு இது எளிதாக வரும்.

இந்த அறுப்புக்கு அப்பாயியோடு காட்டுக்குப் போ. எந்தக் கதிரை எடுத்தார், எதை விட்டார், ஏன் என்று கேட்டு எனக்கு எழுது. கடைசியாக நான் அங்கே வந்தபோது சாமையில் ஒரு வகையின் பெயர் சொன்னார், நான் குறித்துக்கொள்ளவில்லை. அதையும் கேட்டு வை.

அன்புடன்,
உன் பெரியப்பா