எந்திரம் பகையாகுமோ?

வெள்ளகோவில் விசைத்தறிகள் இயங்கும் ஊர்களுள் ஒன்று. கைத்தறியில் ஒரு தறிக்கு ஒரு நெசவாளர் வேண்டும். விசைத்தறியிலோ ஒருவரே பல தறிகளைக் கவனித்துக்கொள்கிறார். இதனால் துணி பெருகியது, விலையும் குறைந்தது. ஆயினும், கைத்தறியை நம்பி வாழ்ந்தோர் நிலை யாது? மனிதன் படைத்த எந்திரம் மனிதனுக்கே பகையாகுமோ?

இவ்வச்சத்தைக் கதையாக்கிய தமிழ்த் திரைப்படம் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'எந்திரன்'. சங்கர் இயக்கிய இப்படத்தில், வசீகரன் என்னும் அறிவியலறிஞராகவும், அவர் படைத்த சிட்டி என்னும் எந்திர மனிதனாகவும் ரஜினிகாந்த் நடித்தார். நாட்டின் படைக்கு உதவவே சிட்டி படைக்கப்பெற்றது. பின்னர் அதற்கு மனித உணர்ச்சியும் ஊட்டப்பெற்றது. போரா என்னும் மற்றோர் அறிஞர் அழிவுத்தன்மை கொண்ட சில்லு ஒன்றை அதனுள் பொருத்தினார். உடனே அது தன்னைப் போன்ற பல உருவங்களைப் படைத்து நகரையே நடுங்கச் செய்தது. இறுதியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி பிரிக்கப்பட்டது. மாணவர்களே, கூர்ந்து நோக்குங்கள்! எந்திரத்தினுள் தீமையைப் புகுத்தியவன் மனிதனே அன்றோ?

திரையில் கண்ட இப்போர் வரலாற்றிலும் நிகழ்ந்ததுண்டு. இங்கிலாந்தில் 1589ஆம் ஆண்டில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1811ஆம் ஆண்டில், நாட்டிங்காம் பகுதித் தொழிலாளர் அத்தகைய பொறிகளை இரவில் உடைத்தெறிந்தனர். அப்பொறிகளால் பிழைத்து வந்தவர்களே அவற்றை உடைத்தது ஏன்? முதலாளிகள் கூலியைக் குறைத்தனர். தரம் குன்றிய மலிவுப் பொருள்களைச் செய்வித்தனர். ஆகவே, அவர்கள் வெறுத்தது பொறியை அன்று. அதனைப் பயன்படுத்திய முறையையே. 1812ஆம் ஆண்டில் பொறி உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசினார், பயனில்லை.

நம் நாடு வேறொரு வழியை நாடியது. 1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், சில வகைத் துணிகளைக் கைத்தறியிலேயே நெய்ய வேண்டுமென ஒதுக்கியது. அதனை எதிர்த்து வழக்கு எழுந்தபோது, உச்ச நீதிமன்றம் 1993ஆம் ஆண்டில் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. விசைத்தறியும் ஓடுக, கைத்தறியும் வாழ்க என்பதே அதன் நோக்கம். ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனை மதித்து நடப்போரும் வேண்டும்.

எந்திரத்திற்குக் கையுண்டு, காலுண்டு, இரக்கமில்லை. அதனை இயக்கும் மனிதனிடம் இரக்கம் இருத்தல் வேண்டும். அஃது அவனிடமும் இல்லையாயின், பகை எந்திரம் அன்று, மனிதனே.