ஒரு வில்லை, முப்பது நாள்: பனச்சமூட்டில் ஓர் ஒளிப்படப் பயிற்சி

ஒளிப்படக் கருவி ஒன்றை வாங்கிய சில மாதங்களிலேயே, "அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்னும் எண்ணம் பலருக்கும் எழுகிறது. கையில் இருப்பதன் ஆற்றலை முழுதும் அறியுமுன் அடுத்த செலவுக்குத் திட்டமிடுகிறோம். சிலர் தவணைக் கடனும் பெறுகின்றனர். அச்செலவுக்கு முன் செய்து பார்க்கத்தக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரே வில்லையைக் கொண்டு, நாளொன்றுக்கு ஒரு படம் வீதம், ஒரு மாதம் எடுப்பதே அது.

பயிற்சியின் விதிகள்

முதலாவது, மாதம் முழுவதும் வில்லையை மாற்றக் கூடாது. ஜூம் வில்லை மட்டுமே உள்ளவர்கள் அதனை ஓர் எண்ணில் நிறுத்தி, நகராதபடி ஒட்டுநாடா சுற்றிவிடலாம். கைப்பேசியில் எடுப்போர், திரையில் விரல்களை விரித்துக் காட்சியைப் பெரிதாக்காமல் இருந்தால் போதும். இரண்டாவது, அன்றைய படம் அன்றே எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்றாவது, எத்தனை படங்கள் எடுத்தாலும் அன்றிரவு ஒன்றை மட்டுமே தேர்ந்து, நாளும் இடமும் குறித்து ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.

ஏன் ஒரே வில்லை?

முழுச்சட்டக் கருவியில் 50 மி.மீ. வில்லை கிடைமட்டமாக ஏறத்தாழ 40 பாகை அளவிலான காட்சியைக் காட்டும். சிறிய உணரி கொண்ட பெரும்பாலான கருவிகளில் 35 மி.மீ. வில்லை இதற்கு நெருங்கிய காட்சியைத் தரும். நின்ற இடத்திலேயே ஜூம் செய்யும்போது படத்தின் எல்லைகள் சுருங்குகின்றன. முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்கும் இடையிலான அளவு உறவு மாறுவதில்லை. அந்த உறவை மாற்றுவது நாம் நிற்கும் தொலைவு மட்டுமே. ஒரு வாழைக்குலையை நோக்கி நான்கு அடி முன்னே சென்றால் குலை பேருருக் கொள்கிறது. பின்னாலுள்ள கடையின் அளவோ பெரிதும் மாறுவதில்லை. இதனைக் கால்கள் கற்றுக்கொள்வதற்கே ஒற்றை வில்லை.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் தம் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. வில்லையையே பயன்படுத்தினார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் தங்கி, இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படம்பிடித்தார். எந்தத் தொலைவில் எவ்வளவு காட்சி அடங்கும் என்பது பழகிவிட்ட கண்ணுக்கு, கருவியை உயர்த்துமுன்னரே படம் தெரிந்துவிடுகிறது.

எங்கே தொடங்குவது?

பழகிய ஊரே சிறந்த பாடசாலை. நெய்யாற்றின்கரை வட்டத்தில், வெள்ளறடைக்கு அருகே தமிழக எல்லையோரம் அமைந்த பனச்சமூட்டை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு பிரித்தாலும் சந்தை பிரிக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் குலையும் மீனும் வாங்க இரு புறத்தாரும் இங்கே கூடுகின்றனர்.

முதல் வாரம் பொருள்களை மட்டும் எடுங்கள். அவை அசையா, அவசரப்படுத்தா. இரண்டாம் வாரம் ஒளியைக் கவனியுங்கள்: ஒரே கடைவாசல் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் எவ்வாறு மாறுகிறது? சுற்றுப்புறத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் தலைவிளக்கொளியில் வெட்டு நடக்கும். அக்குறைந்த வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் நொடியில் 1/50 பங்கினும் குறைந்தால் கை நடுக்கம் படத்தில் பதியக்கூடும். மரத்தில் தோள் சாய்த்து மூச்சடக்கி எடுக்க வேண்டும். மூன்றாம் வாரம் எழுத்துகள்: தமிழும் மலையாளமும் அருகருகே நிற்கும் பலகைகள், விலை எழுதிய அட்டைகள். நான்காம் வாரம் மனிதர்கள்.

மனிதரை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. தொலைவிலிருந்து ஒளிந்து எடுக்க இந்த வில்லை உதவாது. இரண்டு மூன்று அடிகள் இடைவெளியில் நிற்க வேண்டும். மூன்று வாரமாக உங்களைப் பார்த்துப் பழகிய மீன் விற்கும் அம்மா இப்போது அந்நியரல்லர். "அம்மா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாமென்றால் நன்றி சொல்லி நகருங்கள். இசைந்தால், படத்தின் ஒரு பிரதியை அடுத்த சந்தையில் அவர் கையில் கொடுங்கள்.

சலிப்பு வரும் நாள்

பத்தாம் நாள் அளவில், "இனி எடுக்க என்ன இருக்கிறது?" என்று தோன்றும். பயிற்சி உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. எளிதில் கண்ணில் படுபவை தீர்ந்த பிறகே, காணாமல் கடந்தவை கண்ணில் படும்.

நியூயார்க்கைச் சேர்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 அன்று போலராய்டு கருவியால் நாளொரு படம் எடுக்கத் தொடங்கினார். மாற்ற முடியாத ஒரே வில்லை. உடனே கையில் வரும் ஒரே படம். நண்பர்கள், உணவு மேசை, தெருமுனை எனப் பலவும் சாதாரணக் காட்சிகளே. 1997இல் மூளைக் கட்டியால் நோயுற்றார். மருத்துவமனை நாள்களும் திருமணமும் அவ்வரிசையில் இடம்பெற்றன. அவ்வாண்டு அக்டோபர் 25ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, மறைந்தார். எஞ்சிய படங்கள் 6,000க்கும் மேல். தனித்தனியே பார்த்தால் சிறியவை; சேர்த்துப் பார்த்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை.

படங்களைப் பேணல்

தேர்ந்த முப்பது படங்களையும் நாள் பெயரிட்ட கோப்புறையில் வைத்து, இரு வேறு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் மாதமும் தொலையலாகாது. பின்னர் அனைத்தையும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். நீங்கள் எதை நெருங்கினீர்கள், எதை விலகி நின்றே பார்த்தீர்கள் என்பது அப்போது தெரியும். புதிய வில்லை தேவையா என்பதற்கும் விடை அங்கேயே இருக்கும்.

தொடர் வைப்பில் ஒரு மாதத் தவணை மட்டும் பெரிதாகத் தெரிவதில்லை. முதிர்வு நாளில்தான் அதன் அருமை புரிகிறது. நாள்தோறும் எடுக்கும் படமும் அத்தகையதே. இன்று அட்டையில் எழுதிய விலையும், பிரதியை வாங்கிச் சிரித்த அம்மாவின் முகமும் இருபது ஆண்டுகளுக்குப் பின் பனச்சமூட்டில் இருக்கப்போவதில்லை. உங்கள் பெட்டியில் இருக்கலாம். இன்று மாலையே முதல் படத்தை எடுங்கள்.