ஏலத்தோட்டப் படங்களைக் கைப்பேசியில் ஒழுங்குசெய்து வைத்தல்

போடிநாயக்கனூர் மிராசுதாரர்களில் பலருக்கு நிலம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தோப்பும் புஞ்சையும் மலையடிவாரத்திலும், ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்து இடுக்கி ஜில்லாவிலுமாகப் பிரிந்திருப்பது சாதாரணம். ஆகையால் கைப்பேசியின் படச் செயலியில் நிலங்களைக் குறிப்போர் சர்வே எண்ணை மட்டும் எழுதுவது போதாது; ஒரே எண் கிராமந்தோறும் வரும். கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்ற வரிசையில் எழுதுவதே முறை.

படத்தின்மேல் அடுக்கும் விவரங்களை, அவை மாறும் வேகத்தைக்கொண்டு பிரித்தல் வேண்டும். எல்லைக்கற்களும் நிலக்கோடும் ஓர் அடுக்கு. ஊற்று, ஓடை, ஜீப் பாதை, காய் உலர்த்தும் ஸ்டோர் மற்றோர் அடுக்கு. நோய்கண்ட தூர்கள் வருஷத்துக்கு ஒரு தனி அடுக்கு. யாவற்றையும் ஒன்றாய்க் கொட்டிவைத்தால் இரண்டு பருவங்களில் படம் முழுவதும் புள்ளிகளாகி ஒன்றும் விளங்காது.

இவற்றுள் நோய் அடுக்கே மிகப் பயனுள்ளது. கட்டே நோய் இளங்குருத்தில் வெளிறிய சிறு கீற்றுகளாகத் தோன்றி, பின்னர் நடுநரம்பிலிருந்து இலையோரம்வரை வரிகளாக நீளும். அசுவினிப் பூச்சியும் நோயுற்ற கிழங்கும் இதைப் பரப்புகின்றன; விதையினால் பரவுவதில்லை. இதற்கு மருந்து கிடையாது. நோயுற்ற தூரைக் கிழங்கோடு பெயர்த்து அழிக்கவேண்டியதுதான். பெயர்த்தவுடன் படத்திலுள்ள அடையாளத்தையும் சிலர் அழித்துவிடுகின்றனர். அது பெரும் பிசகு. தொற்றிய செடி அறிகுறி காட்டச் சில வாரங்களோ மாதங்களோ ஆகுமாகையால், பெயர்த்த இடத்தைச் சுற்றியுள்ள செடிகளே அடுத்த சுற்றில் முதலிற் பார்க்கத்தக்கவை. அடையாளத்தின் வர்ணத்தை மட்டும் மாற்றி, பெயர்த்த தேதியை வருஷம், மாதம், நாள் என முன்னால் எழுதிவைத்தால், பெயர்வரிசையில் அடுக்கும்போதே காலவரிசையும் கிடைத்துவிடும். மூன்று வருஷத்து அடுக்குகளை ஒருங்கே திறந்து பார்த்தால், நோய் எந்தச் சரிவில் நகர்கிறதென்பது கண்ணுக்குப் புலனாகும்.

எல்லை விஷயத்தில் மிக்க ஜாக்கிரதை தேவை. வெட்டவெளியிலேயே கைப்பேசி காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் விலகக்கூடும். நிழல்மரங்களின் கீழ் இன்னும் அதிகம். இந்திய சர்வே இலாகாவின் பழைய படங்கள் 'எவரெஸ்ட் 1830' என்னும் கோளக் கணக்கைத் தழுவியவை. அவற்றின் அட்ச தீர்க்க ரேகைகளை மாற்றாமல் ஏற்றினால், நிலம் நூறு மீட்டருக்கு மேலும் தள்ளி நிற்கும். கோயில், பாலம், பாதைச்சந்தி போன்ற மாறாத இடங்கள் நான்கைந்தை, ஒன்றுக்கொன்று தூரமாகத் தெரிந்தெடுத்து, படத்தை அவற்றோடு பொருத்திப் பார்த்தல் நலம். அப்படிப் பொருத்தியும், கைப்பேசிக் கோட்டை நம்பி வன எல்லைப்புறத்தில் ஒரு மரத்தையும் தொடலாகாது. எல்லையை நிர்ணயிப்பது சர்வேயர் அளந்து காட்டும் கல்லே. கர்ணம் உத்தியோகம் 1980-இல் எடுபட்ட பிறகு, எந்தக் கல் எங்கே புதைந்துள்ளதென்று நினைவிலிருந்து சொல்வோர் அருகிவிட்டனர். கிராம நிர்வாக அலுவலர்கள் கல்லொன்றுக்கு ஒரு புகைப்படத்துடன் அடையாளமிட்டு வைப்பின் பின்வருவோர்க்கு உபகாரமாகும்.

மலைச்சரிவில் பல இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிட்டாது. ஆகவே படத்தைப் போடியிலேயே இறக்கிக்கொண்டு ஏறவேண்டும். மாதம் ஒருமுறை அடுக்குகளைக் கே.எம்.எல். கோப்பாக வெளியெடுத்து, தோட்டத்துக் கங்காணியின் கைப்பேசியிலும் வீட்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்திருத்தல் அவசியம்.