காற்றில்லாத காலையில் அலை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மே மாத விடியலில் எலியட்ஸ் கடற்கரையில் காற்றே இருப்பதில்லை. அலை மட்டும் வரிவரியாக வருகிறதே, எப்படி? சர்ஃபிங் பழக அங்கே இறங்கலாமா? – ஒரு வாசகி, அடையாறு

பதில்: அந்த அலையைக் கிளப்பிய காற்று சென்னையில் வீசியதல்ல. இந்தியப் பெருங்கடலை வடக்கே ஆசியா அடைத்து நிற்கிறது. தெற்கே அன்டார்க்டிகா வரை திறந்த வெளி. தென் அட்சரேகை 40 டிகிரிக்குக் கீழே ஆண்டு முழுவதும் பலத்த மேலைக்காற்று. அங்கே பிறக்கும் நெடிய அலைகள் மணிக்குச் சுமார் 45 கி.மீ. வேகத்தில், ஏறக்குறைய 7,000 கி.மீ. கடந்து, ஒரு வாரத்தில் எலியட்ஸ் கடற்கரை உள்ள பெசன்ட் நகரை எட்டுகின்றன. தென்மேற்கிலிருந்து வருவனவற்றை இலங்கை பெரும்பாலும் தடுத்துவிடும். தென்கிழக்குதான் நமக்கு வாசல்.

காலையில் நிலக்காற்று அலையின் முகத்தைச் சீராக்கும். மதியம் கடற்காற்று அதைக் கலைக்கும். ஆகவே சர்ஃபிங்குக்கு விடியற்காலையே நல்ல நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் கடலைக் குழப்பும், புதியவர்களுக்கு ஆகாது.

எலியட்ஸ் கடற்கரையில் ஆளை உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு; அங்கே பழக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) வழியாகக் கோவளம் போய், பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அலை முன்னறிவிப்பில் எச்சரிக்கை இருந்தால், அன்று கடலில் இறங்காதீர்கள்.