மலிவு விலைக் கடை சொல்லும் கணக்கு

ஊரில் புதிதாக ஒரு மலிவு விலைக் கடை திறந்தால் நம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அவர்களுக்கு அந்த விலை எப்படிக் கட்டுகிறது என்று கணக்குப் பார்ப்பவர் நம்மில் குறைவு. இத்துறையில் உலகப் பெயர் பெற்ற சாம் வால்டனின் தொடக்க நாட்களில் அதற்கு விடை இருக்கிறது.

1945-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், நியூபோர்ட் என்ற சிற்றூரில், அவர் ஒரு பல்பொருள் கடையை வாங்கினார். அங்கே கற்ற கணக்கு இது: 80 சென்ட் கொள்முதலுள்ள பொருளை 1 டாலர் 20 சென்ட்டுக்கு விற்றால் லாபம் 40 சென்ட். 1 டாலருக்கு விற்றால் 20 சென்ட்தான். ஆனால் ஒன்று விற்ற இடத்தில் மூன்று விற்றது. லாபம் 60 சென்ட் ஆயிற்று. இரண்டு மட்டுமே விற்றிருந்தால் பழைய லாபமே நின்றிருக்கும், உழைப்புதான் கூடியிருக்கும். ஆகவே வேகமாகப் போகும் சரக்குக்கே இம்முறை பொருந்தும்.

விலையைக் குறைக்கக் கொள்முதல் குறைய வேண்டும். அவர் காரில் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு அடுத்த மாநிலமான டென்னசிக்கே போய்ச் சரக்கெடுத்து வந்தார். மொத்த வியாபாரிகளாகிய நாங்களும் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம்: ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை உண்டு. கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாண்டில் அவர் விற்பனை 72,000 டாலரிலிருந்து 2,50,000 டாலராயிற்று. ஆனாலும் கடை கைவிட்டுப் போயிற்று. வாடகைப் பத்திரத்தில் புதுப்பிக்கும் உரிமை எழுதப்படவில்லை. கட்டட உரிமையாளர் மறுத்துவிட்டார். 1950-ல் பென்டன்வில் ஊருக்குப் போனவர், அங்கே கடையை விரிவாக்க எடுத்த பக்கத்து இடத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை பெற்றார். அடுத்த ஊரான ராஜர்ஸில் 1962-ல் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தார்.

பின்னாளில் அக்கடைகள் பெருகியதும் சிற்றூர் வியாபாரிகள் நிலை என்னவாயிற்று? அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன் இதை ஆராய்ந்தார். அதே சரக்கை விற்றவர்களுக்கு வியாபாரம் சரிந்தது. அங்கே கிடைக்காத சரக்கை விற்றவர்களுக்கோ, அக்கடைக்கு வந்த கூட்டத்தால் வியாபாரம் கூடியது.

நமக்கும் வழி இதுவே. மலிவுக் கடையின் பிளாஸ்டிக் வாளியோடு நாம் விலையில் மல்லுக்கட்ட வேண்டாம். வாடிக்கையாளர் கேட்கும் தரத்தில் பருப்பு, சரியான எடை, வீட்டில் கொண்டு சேர்த்தல் ஆகியவை நம் பலம். நான்கைந்து வேகச் சரக்குகளில் மட்டும் லாபத்தைக் குறைத்து மூன்று மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள். அதற்கு முன், இன்று இரவு கடை சாத்தியதும், உங்கள் வாடகைப் பத்திரத்தை எடுத்து ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.