வனவிலங்குகளை எண்ணுமாறு

நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போயிற்று என்பதை நற்செய்தி நூலில் வரும் மேய்ப்பன் அறிந்தது எங்ஙனம்? தன் மந்தையை எண்ணியதனாலன்றோ? பட்டியில் அடைத்த ஆட்டை எண்ணுதல் எளிது. இரவில் உலவி, மனிதர் வாடை கண்டவுடன் ஒதுங்கும் புலியை எண்ணுவது யாங்ஙனம்? வனவிலங்குகளைக் காத்தல் வேண்டும் என்று பேசுவோர் பலர். அதற்கு முதற்கண் பயில வேண்டிய எண்ணும் முறையையும் நிலப்படக் கலையையும் குறித்து ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இராஜஸ்தானத்திலுள்ள சரிஸ்கா என்னும் புலிகள் காப்பகத்தில், 2004ஆம் ஆண்டில் 16 முதல் 18 வரை புலிகள் உள எனக் கணக்குக் காட்டப்பட்டது. மறு ஆண்டிலேயே அங்கு ஒரு புலியும் இல்லை என்பது வெளிப்பட்டது. திருட்டு வேட்டைக்காரர் காட்டிலிருந்த புலிகளைக் கொன்றனர். ஏட்டிலிருந்த புலிகளோ சாகவில்லை! 2008 முதல் ரந்தம்போர்க் காட்டினின்றும் புலிகளைக் கொணர்ந்து அங்கே விடலாயினர்.

இப்பிழைக்குக் காரணம் யாது? அக்காலத்தே புலியை அதன் அடிச்சுவடு கொண்டே எண்ணினர். புழுதியிற் பதிந்த சுவட்டைக் கண்ணாடித் தகட்டின் வழியே வரைந்தெடுத்து, இஃது இன்ன புலியின் சுவடு எனப் பழகியோர் பிரித்துரைப்பர். ஆனால் ஒரே பாதம் ஈர மண்ணில் ஒரு வடிவமும் உலர் மணலில் வேறு வடிவமும் கொள்ளும். அன்றியும், கண்ணிற் படாதன எத்துணை என மதித்தற்கு அம்முறையில் வழியே இல்லை. இதுவே பெருங்குறை.

காணாதவற்றையும் மதிக்கும் வழியொன்று உண்டு. ஒரு குளத்தில் 20 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் விட்டுவிடுக. சின்னாள் கழித்து 25 மீன்களைப் பிடித்தால், அவற்றுள் 5 அடையாளமுடையனவாக உள்ளன என்க. பிடித்தவற்றுள் ஐந்திலொன்று அடையாளமுடையதாயின், குளத்திலும் ஐந்திலொன்றே அத்தகையது. ஆகவே குளத்து மீன் ஏறத்தாழ 100. இடையில் மீன் புகுதலும் போதலும் கூடா. எல்லா மீனும் ஒருபடித்தாய் அகப்படல் வேண்டும். இவ்விரண்டும் பொய்த்தால் கணக்கும் பொய்க்கும்.

புலியைப் பிடித்து அடையாளமிட வேண்டுவதில்லை. அதன் மேனிவரிகளே அடையாளம். ஒரு புலியின் வரி மற்றொன்றற்கு இல்லை. கருநாடகத்து நாகரஹொளெயில் உல்லாஸ் காரந்த் என்னும் அறிஞர், தானே படம்பிடிக்கும் புகைப்படக் கருவிகளை வைத்து இக்கணக்கைப் புலிக்குப் பொருத்தி, 1995ஆம் ஆண்டில் வெளியிட்டார். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறாதலின், பாதையின் இருமருங்கும் கருவி வைத்தல் வேண்டும்.

இனி நிலப்படம் எதற்கு எனின், கருவிகளை வண்டிப்பாதையோரத்தில் மட்டும் வைப்பின், பாதைக்கு வாராத புலி கணக்கில் வாராது. ஆதலின் நிலப்படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, கட்டந்தோறும் கருவி அமைப்பர். காப்பகத்தின் எல்லைக்கு வெளியே வாழும் புலியும் உள்ளே வந்து படத்தில் விழும். அதனை உணராது காப்பகப் பரப்பால் வகுப்பின், புலிகளின் அடர்த்தி மிகையாகத் தோன்றும். 'ஓடைக்கு அருகில் எச்சம் கண்டோம்' என்று எழுதிவைத்த குறிப்பு எவர்க்கும் உதவாது. அட்சரேகை தீர்க்கரேகைகளோடு எழுதிய குறிப்போ, இருபதாண்டு கழித்து வருபவனையும் அவ்விடத்திற்கே அழைத்துச் செல்லும்.

2001-02இல் இந்தியாவில் புலிகள் 3,642 என்றது சுவட்டுக் கணக்கு. 2006ஆம் ஆண்டின் புதுமுறை மதிப்பீடோ 1,411 என்றது. அதுவும் 1,165க்கும் 1,657க்கும் இடைப்பட்டது என எல்லை கூறிற்று. இவ்விரண்டனையும் கழித்து, நான்கு ஆண்டில் இத்தனை மாய்ந்தன எனல் தகாது. முறையே வேறன்றோ? எல்லை கூறும் எண்ணே நம்பத்தக்கது என்பது எம் கருத்து. 2022இல் இம்மதிப்பீடு 3,682 ஆயிற்று.

தமிழகத்தின் மாநில விலங்காகிய வரையாட்டிற்கு வரியில்லை. எனவே இரு குழுவினர் ஒரே மலைப்பாதையில், ஒருவருக்கொருவர் சொல்லாது, தனித்தனியே கண்டு எழுதுவர். இருவரும் கண்டன எத்துணை, ஒருவரே கண்டன எத்துணை என ஒப்பிட, இருவரும் காணாதன எத்துணை என்பது புலப்படும். குளத்து மீன் கணக்கே மாறுவேடத்தில் வருகிறது. தமிழகத்தில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரையாடுகள் 1,031 என்றது. 2025ஆம் ஆண்டினது 1,303 என்றது. 272 கூடின என மகிழுமுன், இரண்டாண்டிலும் ஏறிய குன்றுகள் அவையேதாமோ என நிலப்படத்தை விரித்துப் பார்த்தல் வேண்டும்.