ஊர்த் தவறணையின் கதையைச் சேர்த்து வைக்க

யாழ்ப்பாணத்து ஊர்களில் கோயிலுக்குச் சிறப்பு மலர் போடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வாசிகசாலைக்கும் போடுவார்கள். கள்ளுத் தவறணைக்கு அப்படி ஒரு மலரை நான் கண்டதில்லை. வெங்காய விலையும் செத்தவீட்டுச் செய்தியும் அரசியலும் பின்னேரங்களில் அலசப்பட்ட இடம் அது. உங்கள் ஊரில் அப்படியொரு தவறணை இருந்தால், அது மூடிக்கிடந்தாலும் சரி, இன்னும் நடந்தாலும் சரி, அதன் கதையை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். 1970களில் அங்கே வேலை செய்தவர்களில் பலர் இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

யாரிடம் கேட்பது என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். குடிக்கப் போனவர்களிடம் தொடங்க வேண்டாம். அவர்களிடம் பகிடிக் கதைகள் தாராளமாகக் கிடைக்கும். அவற்றை மட்டும் சேர்த்தால் தவறணையும் வெறும் பகிடியாகிவிடும். சீவல் தொழிலாளியிடம் தொடங்குங்கள். காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறியவர் அவர். பிறகு முகாமையாளர், அளந்து ஊற்றியவர், வாசலில் மீன் பொரித்து விற்ற பெண், பக்கத்து வளவுக்காரர். குடிகாரக் கணவனுக்காக வீட்டில் காத்திருந்த மனைவியையும் விட்டுவிடாதீர்கள். அந்தத் தவறணையை நேசிக்க அவருக்குக் காரணம் இருந்திருக்காது. அவருடைய சொல்லும் ஊரின் நினைவுதான்.

கேள்விகள் சின்னதாக, கையால் தொடக்கூடிய பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்தது” என்பதோடு முடிந்துவிடும். “அப்பு, விடிய முதல் முட்டி எத்தினை மணிக்கு இறங்கும்?”, “பருவம் முடிஞ்சு பனங்கள்ளு இல்லாத மாதத்தில என்ன செய்வியள்?”, “ஆச்சி, பொரிக்கிற மீன் எந்தக் கடற்கரையால வரும்?” என்று கேளுங்கள். சீவல் தொழிலாளியின் வீட்டில் தளநாரோ பாளைக்கத்தியோ கிடந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். கருவி கைக்கு வந்ததும் பேச்சு தானாக வரும். கள்ளுக் குடிக்கிற பிளாவை ஓலையில் கோலத் தெரிந்தவர் இருந்தால், தொடக்கம் முதல் முடிவு வரை அவருடைய கைகளை மட்டும் வீடியோ எடுங்கள். எழுத்தில் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆண்டு கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். ஊரே அறிந்த நிகழ்வுகளோடு பொருத்திக் கேளுங்கள்: 1964 டிசம்பர்ச் சூறாவளிக்கு முன்னா, பின்னா? குத்தகைக்காரர் காலமா, 1970களில் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகா? 1987இல் இந்திய இராணுவம் வந்தபோது திறந்திருந்ததா? 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் எதைக் கண்டார்கள்? இப்படி நான்கு பேரிடம் கேட்டால் காலவரிசை ஓரளவு பிடிபடும்.

சாதியைப் பற்றிக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். 1960களின் கடைசியில் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கே போராட வேண்டியிருந்த நிலம் இது. உள்ளே இருந்தது யார், வெளியே நின்றது யார், யாருக்குத் தனிப் பாத்திரம், கள்ளை விரும்பிக் குடித்தவர்கள் அதை இறக்கியவரின் வீட்டில் தண்ணீர் குடித்தார்களா என்று கேளுங்கள். மற்றவர்கள் சூழ இருக்கும்போது இதைக் கேட்க வேண்டாம்; தனியே இருத்திக் கேளுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் சமரசம் செய்யாமல் இரண்டையும் அப்படியே வையுங்கள்.

ஒலிப்பதிவுக்குக் கைத்தொலைபேசி போதும். அழைப்பு வராதபடி விமானப் பயண நிலையில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வையுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதி, சம்மதம் நான்கையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறைத்தே ஆக வேண்டும். வழக்குகளும் அடிபாடுகளும் பேச்சில் வரும். உயிரோடு இருப்பவரைப் பற்றிய குற்றச்சாட்டை வெளியிடாதீர்கள்.

படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், நிழல் விழாத பகல் வெளிச்சத்தில் மேலிருந்து நேராகப் படமெடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் சிறிய படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள். யார் யார் என்று அன்றே எழுதிவிடுங்கள். தவறணை தனியாகப் படத்தில் விழுந்திருப்பது அரிது. கலியாண ஊர்வலப் படத்தின் ஓரத்தில் அதன் கிடுகு வேலி தெரியலாம். சங்கத்தின் பழைய கணக்குப் புத்தகம் கிடைத்தால் அது பொக்கிஷம். யார் எத்தனை லீற்றர் கொடுத்தார், எந்த மாதம் குறைந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பிறகு மூன்று நான்கு முதியவர்களை ஒன்றாக இருத்தி, பெரிய தாளில் தவறணையின் வரைபடம் போடச் சொல்லுங்கள். வாங்கு எங்கே, முட்டிகள் எங்கே, எந்தப் பனையின் கீழ் கடதாசி விளையாடினார்கள்? இவர் போட்ட கோட்டை மற்றவர் அழித்துத் திருத்துவார். அந்த வாக்குவாதத்தையும் பதிவு செய்யுங்கள்.

சேர்த்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சேர்ந்து எரிந்தன. மூன்று பிரதி எடுத்து, ஒன்றையாவது வேறு ஊரிலோ நாட்டிலோ வையுங்கள். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தை அணுகி, பேசியவர்களின் சம்மதத்தோடு ஒரு பிரதி கொடுக்கலாம். அதற்கு முன், எழுதி முடித்ததை அந்தச் சீவல் தொழிலாளிக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகு வெளியே கொடுங்கள்.